கறிதான் நன்றாக வெந்திருந்ததே, டாக்டர்!

மாலை நேரத்தில் தள்ளுவண்டியில் கறி சாண்ட்விச் விற்கும் ஒரு வாசகர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியக்கூடியவற்றை நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

ஆறு வருடமாக அந்த வண்டிதான் அவர் குடும்பத்துக்குப் பிழைப்பு. சென்ற வாரம் ஒருநாள் இரவு பத்து மணி வாக்கில் இளைஞர்கள் ஐந்து பேர் வந்து கோழிக்கறி சாண்ட்விச் சாப்பிட்டுப் போயிருக்கிறார்கள். நள்ளிரவு ஒரு மணிக்குள் மூன்று பேருக்கு விடாத வாந்தி, வயிற்றுப் பிடிப்பு. காய்ச்சல் இல்லை. ஒருவரை மருத்துவமனையில் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறார்கள். மறுநாள் மாலைக்குள் மூவரும் தெளிந்து எழுந்துவிட்டார்கள். ஆனால் அந்த ஒருவரின் அண்ணன் வண்டிக்கு முன்னால் வந்து நின்று, "கெட்டுப்போன கறியைப் போட்டு என் தம்பியைக் கொல்லப் பார்த்தாயே" என்று நாலு பேர் பார்க்கச் சத்தம் போட்டிருக்கிறார். மருத்துவச் செலவைக் கொடு, இல்லாவிட்டால் புகார் கொடுப்பேன் என்கிறாராம்.

வாசகரின் வாதத்தை அவர் வார்த்தையிலேயே தருகிறேன். "கறி அன்று காலையில் வாங்கியது. வினிகரும் எலுமிச்சையும் போட்டு நன்றாகக் கழுவினேன். பஞ்சு பஞ்சாக வேகவைத்து, மதியம் இரண்டு மணிக்கு ஆறவிட்டு, கையால் பிய்த்து, பெரிய பாத்திரத்தில் மூடி வைத்தேன். ஐந்து மணிக்கு வண்டியைத் திறந்ததும் முதல் சாண்ட்விச்சை நான்தான் சாப்பிட்டேன். என் மகளும் சாப்பிட்டாள். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. யார் கேட்டாலும் கல்லில் போட்டு ஆவி பறக்கச் சூடாக்கித்தான் கொடுக்கிறேன். கறியில் வாடையும் இல்லை. அன்று நாற்பது பேருக்கு மேல் சாப்பிட்டார்கள். கறிதான் நன்றாக வெந்திருந்ததே, டாக்டர், அப்புறம் எப்படி என் மேல் பழி வரும்?"

இதோடு வேறு சில விஷயங்களும் கடிதத்தில் உண்டு. மிச்சமாகும் கறியை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் புதுக் கறியோடு கலந்துவிடுகிறார். அதில் கொஞ்சத்தைக் காலையில் அவர் மனைவி அப்படியே ரொட்டியில் வைத்துச் சாப்பிடுவது வழக்கம். மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி. வாடிக்கையாளர்களுக்கு வயிறு சரியில்லை என்றால் உடனே கொடுக்க வண்டியிலேயே ஒரு ஆன்டிபயாடிக் அட்டை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார். அரைத்த மாட்டிறைச்சியைத் தட்டிப்போட்டு இன்னொரு வகை சாண்ட்விச் தொடங்கும் யோசனையும் இருக்கிறது. கடைசிப் பக்கத்தின் அடியில், போகிறபோக்கில்: "வெங்காயம் நறுக்கும்போது ஆள்காட்டி விரலில் வெட்டுப்பட்டுப் பத்து நாளாக ஆறவில்லை, லேசாகச் சீழ் வைத்திருக்கிறது. பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வேலை செய்கிறேன். அதற்கும் ஏதாவது மருந்து சொல்லுங்கள்."

இனி உங்களுக்கு, நண்பரே.

நேராகவே சொல்லிவிடுகிறேன். பரிசோதனை எதுவும் செய்யாத நிலையில் "உங்கள் கறிதான்" என்று எந்த மருத்துவராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் சாண்ட்விச்தான் காரணமாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதே சமயம் அந்த அண்ணன் சொன்னதும் சரியில்லை. நீங்கள் கெட்டுப்போன கறியைப் போடவில்லை. நல்ல கறி, நன்றாக வெந்த கறி, வெந்த பிறகு எட்டு மணி நேரத்தில் ஆபத்தானதாக மாறியிருக்கிறது. வேகும் வரைதான் உங்கள் கவனம் இருந்தது. சிக்கல் அதற்குப் பிறகு தொடங்கியது.

கடிகாரம் சொல்வது

வயிறு கெட்டால் எல்லோரும் கடைசியாகச் சாப்பிட்டதன் மேல்தான் பழி போடுவார்கள். பல சமயம் அது அநியாயம். கோழிக்கறியோடு அதிகம் சம்பந்தப்படும் கேம்பைலோபேக்டர் பாக்டீரியா உள்ளே போய் 2 முதல் 5 நாள் கழித்துத்தான் வேலையைக் காட்டும். சால்மோனெல்லா 6 மணி நேரத்திலும் தொடங்கலாம், 6 நாள்வரைகூட எடுத்துக்கொள்ளலாம்; பெரும்பாலும் காய்ச்சலோடு வரும். இவற்றில் ஒன்றாக இருந்திருந்தால், பையன்கள் இரண்டு நாளுக்கு முன்னால் எங்கே சாப்பிட்டார்கள் என்று தேட வேண்டியிருக்கும். உங்கள் பக்கம் வந்திருக்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

இங்கே நடந்தது வேறு மாதிரி. சாப்பிட்ட மூன்று மணி நேரத்துக்குள் தொடங்கியிருக்கிறது, காய்ச்சல் இல்லை, வாந்திதான் பெரிய தொல்லை, ஒரு நாளுக்குள் அடங்கிவிட்டது. இப்படி வந்தால் மருத்துவருக்கு முதலில் தோன்றுவது இரண்டு பெயர்கள்: ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், பேசில்லஸ் சீரியஸ். பின்னது பெரும்பாலும் சோறு போன்ற மாவுச்சத்து உணவில் வளர்ந்து வாந்தியைக் கிளப்புவது. முன்னது மனிதர்களின் தோலிலும் மூக்கிலும் குடியிருப்பது, கை பட்ட சமைத்த கறி அதற்கு மிகவும் பிடித்த இடம். என் சந்தேகம் முன்னதன் மேல்தான்.

இரண்டுமே உணவில் உட்கார்ந்து பெருகி, உணவிலேயே நச்சைச் சுரந்து வைத்துவிடுகின்றன. வயிற்றுக்குள் போவது முன்கூட்டியே தயாரான நச்சு என்பதால்தான் இவ்வளவு சீக்கிரம் வாந்தி வருகிறது. ஸ்டெஃபைலோகாக்கஸ் நச்சு அரை மணியிலிருந்து 8 மணி நேரத்துக்குள் வேலை செய்யும். ஆகவே அன்று மாலை ஐந்து மணிக்கு மேல் அந்த மூவரும் சேர்ந்து வேறு எதையாவது சாப்பிட்டார்களா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அப்படி ஒன்று இருந்தால் அதுவும் சந்தேகப் பட்டியலில் வரும். இல்லையென்றால், கடிகாரம் உங்கள் வண்டியைத்தான் காட்டுகிறது.

"நானும் சாப்பிட்டேன், என் மகளும் சாப்பிட்டாள்" என்பது உங்களுடைய பலமான வாதம் என்று நினைக்கிறீர்கள். உண்மையில் அதுதான் எனக்கு விஷயத்தைப் புரிய வைத்தது. நீங்கள் சாப்பிட்டது ஐந்து மணிக்கு, அவர்கள் சாப்பிட்டது பத்து மணிக்கு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பிய்த்த கறியில் கிராமுக்கு ஆயிரம் பாக்டீரியா இருந்ததாக வைத்துக்கொள்வோம். அந்த அளவு யாரையும் ஒன்றும் செய்யாது. வெதுவெதுப்பான பாத்திரத்தில் அரை மணிக்கு ஒருமுறை இரட்டிப்பானால், மூன்றரை மணி நேரத்தில் அது 1,28,000. கிராமுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டும்போதுதான் வாந்தி வரவைக்கும் அளவுக்கு நச்சு சேர்கிறது என்பது பொதுவான கணிப்பு. அதற்குப் பிறகும் பல மணி நேரம் அந்தப் பாத்திரம் வண்டியில் இருந்திருக்கிறது. ஒரே பாத்திரம், ஒரே கறிதான். மாலையில் சாப்பிட்டவருக்கு அது சாப்பாடு, இரவு சாப்பிட்டவருக்கு நோய். அன்று சாப்பிட்ட நாற்பது பேரில் எத்தனை பேர் ஒன்பது மணிக்கு மேல் வந்தவர்கள் என்று யோசித்துப் பாருங்கள். வயிறு லேசாகக் கெட்ட வாடிக்கையாளர் திரும்பி வந்து சொல்வதும் அபூர்வம். சத்தமில்லாமல் வேறு வண்டிக்குப் போய்விடுவார்.

ஐந்து பேரில் இருவர் தப்பித்ததும் அதிசயமில்லை. நச்சு பாத்திரம் முழுக்க ஒரே அளவில் பரவியிருக்காது. எந்தப் பிடியில் எவ்வளவு வந்தது, யார் பாதி சாப்பிட்டார், யார் இரண்டு வாங்கினார் என்பதெல்லாம் உண்டு.

வாடை விஷயம் சுருக்கமாக: கறியை நாற வைக்கும் பாக்டீரியா வேறு, மனிதனைப் படுக்க வைக்கும் பாக்டீரியா வேறு. இரண்டாவது வகை லட்சக்கணக்கில் இருந்தாலும் நிறம், மணம், ருசி எதுவும் மாறாமல் இருக்கலாம். மூக்கு "வேண்டாம்" என்றால் நம்புங்கள். "பரவாயில்லை" என்றால் நம்பாதீர்கள்.

கல்லில் சூடாக்கினால் போகாதா?

பாக்டீரியா போய்விடும், நச்சு போகாது. ஸ்டெஃபைலோகாக்கஸின் நச்சு கொதிநீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும் ரகம். பாம்பை அடித்துப் போட்டாலும் ஏற்கெனவே உடம்பில் இறங்கிய விஷம் இறங்கியதுதான், அந்த மாதிரி. உங்கள் கல்லின் ஆவியெல்லாம் வாடிக்கையாளரின் கண்ணுக்குத் தைரியம் தருகிறது, அவ்வளவுதான்.

இதில் இன்னொரு கொடுமையும் இருக்கிறது. ஸ்டெஃபைலோகாக்கஸ் மற்ற பாக்டீரியாக்களோடு போட்டி போட்டு ஜெயிக்கக்கூடியது அல்ல. பச்சைக் கறியில் அதற்கு இடம் கிடைப்பது கஷ்டம். நீங்கள் நன்றாக வேகவைத்தபோது மற்றவை எல்லாம் செத்துக் களம் காலியாகிவிட்டது. அதன் பிறகு ஒரு கை உள்ளே நுழைந்து கறியைப் பிய்த்திருக்கிறது.

அந்தக் கையின் ஆள்காட்டி விரலில்தான் சீழ் வைத்த காயம். கடிதத்தின் அடியில் மருந்து கேட்டு நீங்கள் எழுதிய அந்த இரண்டு வரியைப் படித்ததும்தான் மேலே சொன்னதெல்லாம் எனக்கு ஒரு கோட்டில் வந்தது. தோலில் சீழ் வைக்கும் காயங்களுக்குப் பெரும்பாலும் இதே பாக்டீரியாதான் காரணம். எண்ணெயும் கறிச்சாறும் பட்டு நனைந்த பிளாஸ்திரி அதைத் தடுத்து நிறுத்தாது. ஓரம் நெகிழ்ந்து, கசிவதை ஊற வைத்துக் கொடுக்கும். இது உங்கள் ஒருவருடைய குறை என்று எண்ண வேண்டாம். காயமே இல்லாத ஆரோக்கியமான மனிதர்களிலும் நூற்றுக்கு 20 முதல் 30 பேர் இந்தப் பாக்டீரியாவை மூக்கில் சுமந்துகொண்டுதான் நடமாடுகிறார்கள். மூக்கைத் தடவிய விரல் கறிக்குப் போனாலும் இதே கதைதான். உங்கள் விஷயத்தில் அளவு அதிகமாக இருந்திருக்கும்.

ஆகவே விரலுக்கு மருந்து: தபாலில் ஒன்றும் சொல்ல மாட்டேன். நேரில் ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள், கூடவே ரத்தச் சர்க்கரையையும் பாருங்கள். சாதாரண கத்திக் காயம் பத்து நாளாகியும் சீழோடு இருந்தால் அதையும் பார்த்துவிடுவது நல்லது. சீழ் முழுக்க வற்றி, தோல் மூடும் வரை நீங்கள் உணவைத் தொட வேண்டாம். காசு வாங்குங்கள், ரொட்டியை வேறு யாராவது எடுக்கட்டும். ஆள் கிடைக்கவில்லையா, சில நாள் வண்டியைத் திறக்காதீர்கள். வருமானம் போகும் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

வினிகர், எலுமிச்சைக் கழுவல் பற்றி ஒரு வார்த்தை. புளிப்பு மேற்பரப்பில் கொஞ்சத்தைக் குறைக்கும், கறியைச் சுத்தமாக்கிவிடாது. கோழியைக் குழாயடியில் கழுவும்போது தெறிக்கும் துளிகள் பக்கத்தில் இருக்கும் கத்தி, பலகை, வெங்காயம் எல்லாவற்றிலும் பாக்டீரியாவைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். கறிக்கு உள்ளே இருப்பதைக் கொல்வது வேக்காடுதான். அதை நீங்கள் ஒழுங்காகச் செய்கிறீர்கள், கழுவலை விட்டுவிடலாம்.

மிச்சக் கறி

பழைய கறியைப் புதுக் கறியோடு கலப்பதை இன்றோடு நிறுத்துங்கள். வீணாக்க மனம் வராது என்று எழுதியிருக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் பத்து மணி நேரம் வெளியே இருந்த கறியை ஃபிரிட்ஜில் வைப்பதால் அது நல்ல கறியாகிவிடாது. அதில் இருந்த நச்சு அப்படியே இருக்கும்; அதைக் கலந்ததும் புதுக் கறியும் பழைய கறிதான்.

பெரிய பாத்திரம் இன்னொரு தொல்லை. ஆழமான பாத்திரத்தில் குவித்து மூடி வைத்த கறியின் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்று ஒரு பாக்டீரியா உண்டு. அதன் வித்துகள் வேகவைத்தாலும் சாகாது. கறி ஆறி 45 டிகிரி செல்சியஸ் வாக்கில் வரும்போது முளைத்து, சாதகமான நிலையில் சுமார் 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். சாப்பிட்ட 6 முதல் 24 மணி நேரத்தில் வயிற்றுப் பிடிப்பும் பேதியும் வரும். மொத்தமாகக் கறி சமைக்கும் இடங்களில் அடிக்கடி நடப்பது இது. இங்கே மட்டும் மறுபடி நன்றாகச் சூடாக்குவது நிஜமாகவே உதவும், ஏனென்றால் இது நச்சைச் சுரப்பது குடலுக்குள் போன பிறகு. ஆனால் நன்றாக என்றால் கறிக் குவியலின் நடுவிலும் 74 டிகிரி. கல்லில் அடிப்பக்கம் புகையும்போது மேல்பக்கம் கை பொறுக்கும் சூட்டில் இருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

வண்டியில் மாற்ற வேண்டியவை

விதி ஒன்றே ஒன்று: சமைத்த கறி 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், அல்லது 5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்க வேண்டும். நடுவில் இருக்கும் நேரம் மொத்தமாக இரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வெயில் கொளுத்தி 32 டிகிரிக்கு மேல் போகும் நாளில் ஒரு மணி நேரம்தான். நீங்கள் இரண்டு மணிக்கு ஆறவைத்தது பத்து மணி வரை நடுவிலேயே இருந்திருக்கிறது.

இதைத் தள்ளுவண்டியில் செய்ய முடியுமா என்று கேட்பீர்கள். முடியும், கொஞ்சம் திட்டம் வேண்டும். வெந்ததும் கறியை அகலமான தட்டுகளில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு மேல் இல்லாமல் பரப்பி, தட்டுகளை ஐஸ் தண்ணீரின் மேல் வைத்தால் சீக்கிரம் ஆறும். சுத்தமான முள்கரண்டி இரண்டை வைத்துப் பிய்க்கலாம், கை வேண்டாம். பிறகு ஒன்றரை மணி நேர வியாபாரத்துக்குப் போதுமான அளவில் சின்னச் சின்ன டப்பாக்களாகப் பிரித்து ஃபிரிட்ஜில் வையுங்கள். வண்டிக்கு எடுத்து வரும்போது ஐஸ் நிரம்பிய தடித்த பெட்டியில் வரட்டும். ஒரு டப்பாவைத் திறந்ததும் மூடியில் மணியை எழுதுங்கள். ஒன்று தீர்ந்த பிறகுதான் அடுத்தது. மணி தாண்டிப்போனதில் மிச்சம் இருந்தால் குப்பைக்கு. டப்பா சின்னதாக இருந்தால் கொட்டுவதும் கொஞ்சமாகவே இருக்கும்.

ஊசி முனை உள்ள உணவு வெப்பமானி ஒன்று வாங்குங்கள். வண்டிக்கு நீங்கள் செய்யும் செலவுகளிலேயே உருப்படியானது அதுதான் என்பேன். சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க ஐஸ் கரையும் தண்ணீரில் வைத்தால் 0, கடல் மட்டத்தை ஒட்டிய ஊரில் கொதிநீரில் வைத்தால் 100 காட்ட வேண்டும்.

கை விஷயத்தில் ஒரு பொதுவான தவறு கையுறை. கையுறை போட்டுக்கொண்டு காசு வாங்கி, துணியில் துடைத்து, அதே கையுறையோடு ரொட்டியைப் பிரித்தால் அது வெறும் கையைவிடச் சுத்தம் கிடையாது. போட்டிருப்பவருக்கே கை அழுக்கானது தெரியாது என்பதால் சமயத்தில் மோசம். சோப்பும் ஓடும் தண்ணீரும் 20 விநாடியும் போதும். பக்கெட்டில் கை முக்குவதைக் கழுவுவதாகச் சொல்ல முடியாது. குழாய் வைத்த கேன் ஒன்றை வண்டியின் ஓரத்தில் மாட்டிவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்குள்ள கையில் சானிடைசர் சரியாக வேலை செய்யாது. காசு ஒருவர், உணவு ஒருவர் என்று பிரிக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது. கல்லைத் துடைக்கும் துணியும் பலகையைத் துடைக்கும் துணியும் ஒன்றாக இருக்க வேண்டாம். பச்சைக் கறிக்குத் தனிக் கத்தி, தனிப் பலகை. உங்களுக்கோ உதவியாளருக்கோ பேதி வந்தால், நின்ற பிறகும் 48 மணி நேரம் உணவுப் பக்கம் வரக் கூடாது.

சூடாக்கிய பிறகு சேரும் கீரை இலை, வெங்காயம், சாஸ் இவற்றையும் மறக்க வேண்டாம். இவற்றுக்குத் தீயின் பாதுகாப்பு கிடையாது. மயோனைஸ் எல்லா வியாதிக்கும் மூலம் என்று ஒரு பேச்சு உண்டு. பாட்டிலில் வரும் மயோனைஸ் புளிப்பு அதிகமுள்ளது, பதப்படுத்திய முட்டையில் செய்தது, தனியாக இருக்கும்வரை அதில் பாக்டீரியா எளிதில் வளராது. பச்சை முட்டையை அடித்து வண்டியிலேயே செய்வதுதான் சால்மோனெல்லாவுக்கு வழி. பாட்டில் மயோனைஸைக் கறியோடு பிசைந்து வைத்தாலும் புளிப்பு நீர்த்துப்போய் அந்தப் பாதுகாப்பு போய்விடும். ஆர்டர் வந்த பிறகு மேலே தடவுங்கள்.

அரைத்த மாட்டிறைச்சி யோசனையை இப்போதைக்குத் தள்ளி வைக்கலாமே. முழுத் துண்டுக் கறியில் பாக்டீரியா பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கும், மேலே நன்றாகச் சுட்டால் போய்விடும். அரைக்கும்போது மேலே இருந்தது உள்ளே போய்விடுகிறது. 1993-இல் அமெரிக்காவில் சரியாக வேகாத அரைத்த மாட்டிறைச்சி பர்கர்களால் ஈ.கோலை ஓ157 என்ற பாக்டீரியா பரவி 700 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள், நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அங்கே தவறு வேக்காட்டிலேயே. நடுவில் 71 டிகிரி வந்ததா என்று ஒவ்வொரு முறையும் வெப்பமானியில் பார்க்கும் பழக்கம் வந்த பிறகு அதைத் தொடங்குங்கள்.

அந்த மாத்திரை அட்டை

வைக்காதீர்கள். நச்சால் வரும் வாந்திக்கு ஆன்டிபயாடிக் ஒரு பயனும் தராது. இப்போது சொன்ன ஈ.கோலை ஓ157 நோயில் சில ஆன்டிபயாடிக்குகள் சிறுநீரகப் பாதிப்பின் ஆபத்தை அதிகரிக்கலாம். பேதியை நிறுத்தும் மாத்திரையும் அப்படித்தான்: ரத்தபேதியிலோ காய்ச்சலோடு வரும் பேதியிலோ கொடுக்கக் கூடாது.

கொடுக்க வேண்டியது நீர். ஓ.ஆர்.எஸ் பொட்டலம் இருந்தால் அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்து, வாந்தி இருந்தாலும் ஒவ்வொரு ஸ்பூனாக. பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பைக் கூட்டிவிடக் கூடாது. மலத்தில் ரத்தம், 39 டிகிரி செல்சியஸை நெருங்கும் காய்ச்சல், எதைக் குடித்தாலும் தங்காத வாந்தி, சிறுநீர் குறைவது, எழுந்தால் தலைசுற்றல், மூன்று நாளுக்கு மேல் பேதி என்று ஏதாவது இருந்தால் மருத்துவமனை. குழந்தை, முதியவர், கர்ப்பிணி என்றால் அவ்வளவு காத்திருக்கவே வேண்டாம்.

அண்ணனுக்கு என்ன பதில்?

உங்கள் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, அடியோடு மறுப்பது. மேலே எழுதியதை எல்லாம் படித்த பிறகு அதை மனசாரச் செய்ய உங்களால் முடியாது என்று நினைக்கிறேன். இரண்டு, பணத்தைக் கையில் திணித்து ஆளை அனுப்பிவிட்டு, நாளைக்கு அதே பாத்திரத்தோடு வண்டியைத் திறப்பது. நிறையப் பேர் செய்வது இதுதான். மூன்றில் மோசமானதும் இதுதான், அடுத்த முறை பத்து மணிக்கு வருபவர் ஒரு குழந்தையோடு வரலாம்.

மூன்றாவது, அவரை வண்டிக்கு வெளியே, கூட்டமில்லாத நேரத்தில் சந்தித்துப் பேசுவது. முதலில் தம்பி எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள். அவர் கோபத்தில் பேசியது தப்பாக இருக்கலாம், பயந்தது தப்பில்லை. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, கெட்ட உணவால் ஆண்டுக்கு 60 கோடிப் பேர் நோயில் விழுகிறார்கள், 4,20,000 பேர் சாகிறார்கள். சாகிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை. பிறகு, அன்று மாலை மூவரும் வேறு என்ன சாப்பிட்டார்கள் என்றும், மருத்துவமனையில் வாந்தியையோ மலத்தையோ பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்றும் கேளுங்கள். அனுப்பியிருந்தால் முடிவைப் பார்க்கக் கேட்பது நியாயம். அதைத் தெரிந்துகொள்ளும் அக்கறை உங்களுக்கும் இருக்கிறது என்று சொல்லுங்கள். அந்த நாளின் கறி ஏதாவது மிச்சம் ஃபிரிட்ஜில் இருந்தால் கொட்டிவிடாமல், யாரும் தொடாதபடி மூடி, தேதி எழுதித் தனியாக வையுங்கள். அதிகாரிகள் வந்தால் அதை மறைப்பதைவிடக் கொடுப்பதுதான் உங்களுக்கு நல்லது. பரிசோதனையில் ஒன்றும் இல்லையென்றால் அது உங்களுக்குச் சாட்சி.

மருத்துவச் செலவில் பங்கெடுப்பது பற்றி: ஒரு பங்கைக் கொடுப்பதாக முடிவெடுத்தால் மனிதாபிமானமாகத் தருகிறேன் என்று சொல்லித் தரலாம். ஆனால் எழுத்தில் எதையும் ஒப்புக்கொள்வதற்கு முன்னால் ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள். உணவு விற்பவரின் பொறுப்பு எதுவரை என்பதும், உரிமம், பதிவு பற்றிய விதிகளும் இடத்துக்கு இடம் மாறும். அது என் துறையும் இல்லை. புகார் கொடுத்துவிடுவாரோ என்று பயந்து புகாரைத் தடுக்கப் பணம் கொடுப்பது மட்டும் வேண்டாம். சுகாதார அதிகாரி வந்து பார்த்தால் அவர் கேட்கப்போவதும் சூடு, குளிர், கை, தண்ணீர் பற்றித்தான். இந்த வாரமே மாற்றிவிட்டால் காட்ட உங்களிடம் ஏதாவது இருக்கும்.

உங்கள் மனைவி

இதை நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். எனக்கு வண்டியைவிட இதுதான் அவசரம். ஃபிரிட்ஜில் இருந்த கறியைச் சூடாக்காமல் சாப்பிடுவதை அவர் உடனே நிறுத்த வேண்டும். லிஸ்டீரியா என்ற பாக்டீரியா ஃபிரிட்ஜின் குளிரிலும் வளரும். மற்றவர்களைவிடக் கர்ப்பிணிகளுக்கு அது தொற்றும் வாய்ப்பு சுமார் பத்து மடங்கு. தாய்க்கு லேசான காய்ச்சலும் உடம்புவலியுமாக வந்து போய்விடலாம். கரு கலையலாம், குறைப்பிரசவம் ஆகலாம், குழந்தை நோயோடு பிறக்கலாம். தென்னாப்பிரிக்காவில் 2017-18-இல் பொலோனி என்ற, சூடாக்காமல் அப்படியே சாண்ட்விச்சில் வைத்துத் தின்னும் இறைச்சியால் இது பரவியபோது ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டு, 200 பேருக்கு மேல் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பத்துக்கு நான்கு பேர் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத சிசுக்கள்.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அவருக்கு இதுவரை ஒன்றும் இல்லையென்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, இதற்கென்று தனியாகப் பரிசோதனையும் தேவையில்லை. ஆனால் இந்தப் பாக்டீரியா சாப்பிட்டு இரண்டு மாதம் கழித்துக்கூட வெளியே தெரியலாம். அதுவரை காய்ச்சல், உடம்புவலி, குழந்தையின் அசைவு குறைவது என்று எது வந்தாலும் "சாதாரண ஜுரம்" என்று மாத்திரை போட்டுக்கொண்டு இருக்க வேண்டாம். அன்றே அவருடைய மகப்பேறு மருத்துவரிடம் போய், குளிர்ந்த மிச்சக் கறி சாப்பிட்டு வந்ததை வாய் திறந்து சொல்லச் சொல்லுங்கள். அதைச் சொன்னால்தான் மருத்துவர் ரத்தத்தை அந்தக் கோணத்தில் பரிசோதிப்பார். சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டால் இதற்கு நன்றாக வேலை செய்யும் ஆன்டிபயாடிக் இருக்கிறது, கர்ப்ப காலத்திலும் கொடுக்கலாம். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது, ஒன்றும் வராவிட்டாலும், இந்த விஷயத்தை அவரிடம் சொல்லி வையுங்கள்.